கிளிப் ஒட்டிய இடம் சரிதானா?

பல்லுக்குக் கிளிப் போடப் போகிறவர்கள் செலவைக் கேட்பார்கள், எத்தனை மாதம் ஆகும் என்று கேட்பார்கள். கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டான பிராக்கெட்டை எந்த இடத்தில் ஒட்டுகிறார்கள் என்று கேட்பவர் அரிது. சிகிச்சை நேராகப் போவதும் இழுத்தடிப்பதும் பெரும்பாலும் அந்த இடத்தைப் பொறுத்ததுதான்.

பல் எவ்வளவு சாய வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்ற கணக்கைப் பிராக்கெட்டுக்குள்ளேயே வைத்துவிடும் முறையை 1970களில் கொண்டுவந்தவர் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் ஆண்ட்ரூஸ். அதற்கு முன் மருத்துவர் ஒவ்வொரு பல்லுக்கும் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். ஆனால் பிராக்கெட் இடம் தவறினால் அந்தக் கணக்கும் தவறும். மேல்வரிசை முன்பல்லில் அது ஈறுப் பக்கம் ஏறிவிட்டால் பல் நீண்டு நிற்கும். நுனிப் பக்கம் இறங்கினால் குட்டையாகும். கோணம் பிசகினால் வேர் பக்கத்து வேரை நோக்கிச் சாயும். இது கண்ணாடியில் தெரியாது, தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

கைதேர்ந்தவருக்கும் சிறு பிசகு நேரும். எச்சில், நெருக்கிக்கொண்டு நிற்கும் பல், பாதி முளைத்த பல் என்று தடைகள் பல. அதனால் நடுவில் எக்ஸ்ரே பார்த்துச் சில பிராக்கெட்டுகளைக் கழற்றி மாற்றி ஒட்டுவது முறையான வைத்தியமே. அதைக் கண்டு மிரள வேண்டாம். சரிபார்க்காமலே மாதங்களைக் கடத்துவதுதான் கெடுதல். கிளிப் கூடுதல் காலம் இருந்தால் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழவும் வேர் நுனி தேயவும் வாய்ப்பு கூடும்.

ஒட்டுபவர் பல் சீரமைப்பு மேற்படிப்பான எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ் படித்தவரா, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். மாற்றி ஒட்டத் தனிக் கட்டணமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எக்ஸ்ரே, புகைப்படங்கள், ரசீதுகள் உங்கள் கையிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

சந்தேகம் வந்தால் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்கலாம். தீராவிட்டால் மாநிலக் கவுன்சிலுக்கு எழுதலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. வழிகாட்டுதலுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. ஒன்றை மறக்க வேண்டாம்: பல் கொஞ்சம் கோணலாக நின்றதாலேயே அலட்சியம் நிரூபணமாகாது. கேட்டும் சரிபார்க்கவில்லை, தெரிந்தும் திருத்தவில்லை என்று காட்டினால்தான் வழக்குக்கு வலு.

கழற்றிய பிறகு திருத்த வேண்டுமானால் மறுபடியும் கிளிப் போட வேண்டியிருக்கும். ஆகவே கழற்றும் தேதி குறிக்கும்போதே, வேர்கள் எப்படி நிற்கின்றன என்று எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள்.