கோழிக்குக் கிடந்த ஆட்டுக்கல்!

ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால், 'கரண்ட் ஆபீசுக்குப் போன் போடுங்க' என்று வீட்டுக்காரரை விரட்ட வேண்டும். மின்சாரத்தைப் பற்றி எனக்கிருந்த ஞானம் அவ்வளவுதான்... 2018 நவம்பர் 16-ம் தேதி வரை!

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அன்று விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், எங்கள் ஊரையும் புரட்டிப் போட்டுவிட்டது. விடிந்து பார்த்தால் கொல்லையில் தென்னைகள் படுத்துக் கிடக்கின்றன. வாசலில் மின்கம்பம் ஒடிந்து கிடக்கிறது. டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் போயின என்று பிறகு பேப்பரில் படித்தோம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 24 நாளாயிற்று.

இருட்டுகூடப் பெரிதில்லை தோழிகளே, தண்ணீர்தான்! போர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, தொட்டி இருக்கிறது, குடிக்கச் சொட்டு இல்லை. ஐந்தாம் நாள் தெருக்காரர்கள் பணம் போட்டு ஜெனரேட்டர் வாடகைக்குக் கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு அரைமணி. அண்டா, குடம், ஏன், இட்லிக் கொப்பரையில்கூடப் பிடித்து வைத்தேன்.

அதைவிடப் பெரிய கவலை, ஃப்ரிட்ஜில் இருந்த மாமியாரின் இன்சுலின். மூன்று பாட்டில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுகாதார நிலையத்து நர்சம்மாதான் வழி சொன்னார். "சூடு படாம பாத்துக்கிட்டா ஒரு மாசம் போலத் தாங்கும்மா. வெளியே எடுத்த தேதிய பாட்டில்ல எழுதி வை" என்றார். பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் கவரில் சுற்றிய பாட்டில்கள், மேலே ஈரத்துணி. குளிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில், மணல் நனைக்க மட்டும் தினம் இரண்டு செம்பு ஒதுக்கினேன்.

மாமியாரோ, "கரண்ட் இல்லாமத்தான் நாலு புள்ளைய வளத்தேன்" என்று ஆரம்பித்துவிட்டார். "அப்ப இந்த ஊசியும் இல்லையே அத்தை" என்றேன். சிரித்துவிட்டார். அப்புறம் அவரே, கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கிடந்த ஆட்டுக்கல்லைத் தேய்த்துக் கழுவி, மாவு தள்ளிக் கொடுத்தார். அரைப்படி அரிசிக்கே என் தோள்பட்டை கழன்றுவிட்டது. 'இன்னிக்கு இட்லி இல்லையா?' என்று கேட்ட வீட்டுக்காரரைக் குழவியிடம் உட்கார வைத்தேன். மறுநாளிலிருந்து கஞ்சியே போதும் என்றுவிட்டார்!

கடைசியில் வெளி மாவட்டத்திலிருந்து லைன்மேன்கள் வந்தார்கள். சேற்று வயலில் வண்டி போகாமல், கம்பத்தைத் தோளில் சுமந்து வந்தார்கள். எல்லாம் என் மகன் வயசுப் பிள்ளைகள். அம்மியில் துவையல் அரைத்துச் சோறு போட்டேன்.

அன்று சாயங்காலம் விளக்கு எரிந்ததும் தெருவே 'ஹோ'வென்று கத்தியது. நான் ஓடியது பானையிடம்.

ஆட்டுக்கல் இப்போது அடுக்களை மூலையில் இருக்கிறது. கோழிக்கு வேறு சட்டி வாங்கியாயிற்று.

- ஒரு வாசகி, பட்டுக்கோட்டை வட்டம்.