இல்லமே முதற் பள்ளி

திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழல் நீளும் அந்தி வேளையில், குடும்ப ஜெபத்திற்குப் பாய் விரித்து அமரும் கிறிஸ்தவ இல்லமொன்றில், தாயின் மடியில் விரிந்த வேதாகமத்தின்மேல் சுட்டுவிரலை ஊன்றி, எழுத்துக் கூட்டிச் சிறுவன் வாசிக்கும் காட்சியைக் கண்டவர்கள், கல்வியின் முதற்பீடம் இல்லமே என்பதை ஐயமின்றி உணர்வார்கள்.

இது புதிய வழக்கமன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி நிறைவுற்றது. நாளடைவில் வேதாகமம் பல எளிய குடும்பங்களுக்குப் பக்தி நூலாக மட்டுமன்றி, வாசகப் புத்தகமாகவும் ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுரை மிஷன் திண்டுக்கல்லிலும் நிலையம் அமைத்துத் தொண்டாற்றியது.

வேதாகமத்திலுள்ள நீதிமொழிகளின் 31 அதிகாரங்கள் நாளுக்கொன்றாக ஒரு மாதத்திற்குப் போதும். பழைய ஏற்பாட்டின் 39 ஆகமங்களோடு புதிய ஏற்பாட்டின் 27-ஐச் சேர்த்து 66 என்று சொல்லும் குழந்தை, கூட்டலும் கற்றுக்கொள்கிறது. கடுகு விதை உவமையைப் படிக்கும் நாளில், அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலு கடுகை எடுத்து குழந்தையின் உள்ளங்கையில் வைத்தால், தாவர சாஸ்திரமும் அங்கேயே ஆரம்பமாகிறது. திராட்சைத் தோட்ட உவமைகளை விளக்கவோ, திண்டுக்கல் சமவெளியின் பன்னீர் திராட்சைப் பந்தல்களே போதும்.

ஆயினும் அஸ்திவாரம் மட்டுமே வீடாகிவிடாது. கணிதமும், விஞ்ஞானமும், பிற சமயத்தாரை நேசிக்கும் பண்பும் அதன்மேல் எழ வேண்டும். 6 முதல் 14 வயதுவரை கல்வியை உரிமையாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், வீட்டிலிருந்தே படித்து 10, 12-ஆம் வகுப்புத் தேர்வுகளை எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தையும் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம். அன்போடு கற்பிக்கும் தாயின் குரலே ஆயுள் முழுதும் பிள்ளையின் நெஞ்சில் ஒலிக்கும்.