ஊர்ப்புறத்து வாசகனும் நூல் எட்டும் வழியும்

கல்விக்கு மணற்கேணியை உவமையாக்கினார் வள்ளுவனார். கேணி எத்துணை ஊற்று வளம் உடையதாயினும், தோண்டுவான் கையிலே கருவி ஒன்று வேண்டுமன்றோ? கற்பானுக்கு அக்கருவி நூலேயாகும். அந்நூல் தலைநகரிலே குவிந்தும், சிற்றூர்களிலே அருகியும் கிடப்பது நம் நாட்டுத் தமிழ்க் கல்விக்குற்ற பெருங்குறை. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பாமன்கடையில் வாழும் நம்மனோர்க்கு இக்குறை எளிதிற் புலனாகாது. காலி வீதிக்கு நடந்து சென்றால் வெள்ளவத்தையிலே தமிழ்ப் புத்தகசாலைகள் உள. 1942ஆம் ஆண்டிலே தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் அணித்தே உளது. பேருந்தேறினால் செட்டியார் தெருவை அடையலாம். ஒரு கடையில் இல்லாத நூலை மற்றொரு கடையில் வினவலாம். வாங்காது புரட்டிப் பார்த்தும் மீளலாம். இவ்வாறு புரட்டிப் பார்க்கும் வாய்ப்பே வாசகனை உருவாக்குவது. பெயர் அறியாத நூலை எவரும் கேட்டு வாங்குதல் இயலாது.

இனி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையை நோக்குவோம். கொக்கட்டிச்சோலையைச் சூழ்ந்த ஊர்மக்கள் நெடுங்காலம் மண்முனைத்துறையிலே பாதையேறி வாவியைக் கடந்தனர். 2014ஆம் ஆண்டிலே ஆங்குப் பாலம் திறக்கப்பட்டது. நெல்லும் பாலும் பேருந்தும் அப்பாலத்தின் மேலே செல்கின்றன; இலக்கிய நூல் செல்லக் காணோம். எம்மிடம் பயின்று அப்பகுதியிலே ஆசிரியராயுள்ள ஒருவர், விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' வேண்டுமென எமக்கு எழுதினார். அடிகள் பிறந்த காரைதீவோ அவ்வூருக்குச் சேய்மைத்தன்று. 1947இலே வெளிவந்த அப்பெருநூலை, அடிகள் பிறந்த கீழ்மாகாணத்து ஆசிரியர் ஒருவர் கொழும்பிலிருந்து வருவிக்க வேண்டியிருக்கின்றது!

ஊர்ப்புறங்களிலே புத்தகக் கடை என்னும் பெயர்ப்பலகை இல்லாமலில்லை. உள்ளே புகுந்து பார்ப்பின், அப்பியாசக் கொப்பிகளும், ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் வழிகாட்டிகளும், சாதாரணதரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களும், ஒரு பஞ்சாங்கமுமே காணப்படும். கடைக்காரரை நோதல் தகாது. தவணைதோறும் விற்றுத் தீரும் சரக்கை விடுத்து, ஆண்டு முழுதும் தூசு படியும் கவிதை நூலை அவர் எங்ஙனம் அடுக்குவார்? எனினும் இதன் விளைவு கொடிது. நூல் என்பது பரீட்சைக்கு உரிய பொருள் என்ற எண்ணம் இளமையிலேயே வேரூன்றி விடுகின்றது. பரீட்சை முடிந்த நாளிலே படிப்பும் முடிந்து போகின்றது.

இந்நிலைக்குக் காரணம் யாது? ஈழத்துத் தமிழ் நூல் பெரும்பாலும் சில நூறு படிகளே அச்சாகின்றது. எழுதியவரே பதிப்பாளர், அவரே விற்பனையாளர். வெளியீட்டு விழாவிலே முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் நண்பர் கைக்குச் செல்லும். எஞ்சியவை வீட்டு மூலையிலே அடுக்கப்படும். கடையிலே ஒப்படைத்தால், தரகு கழிந்து பணம் கைவரப் பன்மாதம் செல்லும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே கடதாசியின் விலை பன்மடங்காயிற்று. 2024ஆம் ஆண்டு தைமாதந் தொட்டு 18 வீதப் பெறுமதிசேர் வரியும் நூல்கள் மீது விதிக்கப்பட்டது. ஊர்ப்புறத்து வாசகனோ இவற்றோடு பேருந்துக் கட்டணத்தையும், ஒருநாட் கூலியையும் சேர்த்தே நூலின் விலையைக் கணக்கிடுகின்றான்.

ஆயினும் நம் முன்னோர் இத்தகைய தடைகளைக் கண்டு வாளாவிருந்தாரல்லர். ஆறுமுக நாவலர் 1848இலே வண்ணார்பண்ணையிற் பாடசாலையையும், 1849இலே அச்சுக்கூடத்தையும் நிறுவினார். கற்பிக்கும் இடத்தருகே நூலும் பிறத்தல் வேண்டும் என்பது அவர் கருத்துப்போலும். 1970களின் முற்பகுதியிலே தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, 'வீரகேசரி' நிறுவனம் ஈழத்து நாவல்களை வெளியிட்டது. பத்திரிகை செல்லும் வழியே நாவலும் சென்றது. 1966இலே 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழைத் தம் கையாலே சுமந்து வாசகரிடம் சேர்த்தார். நூல் மக்கள் நடமாடும் வழியிலே சென்ற காலங்களில் வாசகர் கிடைத்தனர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்நாட்களிலே யாழ்நகரத்துப் பூபாலசிங்கம் புத்தகசாலையும் தீக்கிரையாயிற்று. நூல்களை ஓரிடத்தே குவித்து வைத்தலின் ஆபத்தை நம்மினும் அறிந்தார் எவர்? 2005இலே தோன்றிய 'நூலகம்' எண்ணிம நூலகம் பழைய நூல்களைக் கைத்தொலைபேசியிலும் படிக்கத் தந்துள்ளமை போற்றத்தக்கது. எனினும் சிறுவன் கையிலே கொடுக்கவும், முதியோர் கண்ணுக்கு எட்டவும், எழுதியவனுக்கு ஊதியம் கிட்டவும் அச்சுநூல் வேண்டியதே.

அயல்நாடு காட்டும் வழியும் உண்டு. 1931ஆம் ஆண்டிலே, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பார் அமைத்த மாட்டுவண்டி நூலகத்தை அறிஞர் அரங்கநாதன் தொடக்கி வைத்தார். மாடிழுத்த வண்டி ஊர்தோறும் நூலைக் கொண்டு சென்றது. 1945இலே திருவிதாங்கூரில் பி. என். பணிக்கர் 47 சிற்றூர் நூலகங்களை ஒரு சங்கமாக்கினார். அதே ஆண்டிலே கேரளத்து எழுத்தாளர் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தம் நூல்களைத் தாமே விற்கலாயினர். இவற்றுக்கு மாளிகை வேண்டியதில்லை, ஒற்றுமையே வேண்டியிருந்தது.

நம்மவர் செய்யத்தக்கன பல. ஊர்தோறும் சனசமூக நிலையமும் வாசிகசாலையும் உள. ஆங்கு ஓர் அலுமாரியை விற்பனைக்கு ஒதுக்கலாம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையிலே அரிசிக்கும் சீனிக்கும் அருகே பத்து நூல்கள் இருந்தால் இழுக்கொன்றுமில்லை. கோயில் திருவிழாவிலே வளையற் கடையும் விளையாட்டுப் பொருட் கடையும் நடைபெறுகின்றன. பதிப்பாளர் சிலர் கூடி ஆங்கு ஒரு நூற்கடை விரிக்கலாம். மலையகத் தோட்டங்களுக்குச் சம்பள நாளே தக்க நாள். புடவை வணிகரைப் போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் புகுந்த கோ. நடேசையர் பெற்ற துணிவிலே ஒரு பங்காவது நமக்கு வேண்டாவா?

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பரிசளிப்பு விழாவிலே வெற்றிக் கிண்ணங்களைக் குறைத்து நூல்களைக் கொடுங்கள். மாணவர்களே, கொழும்பிலிருந்து விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் பயணப்பையிலே இரண்டு நூல்களையேனும் வைத்துக்கொள்ளுங்கள். படித்தபின் அவற்றை ஊர் வாசிகசாலையில் விட்டு வாருங்கள். தமிழ் வாழ்க என்று மேடையிலே முழங்குதல் எளிது. வாவிக்கப்பால் உள்ள ஒரு சிறுமியின் கையிலே ஒரு கதைநூலைச் சேர்ப்பித்தல் சிறிது அரிது. அரிய அச்செயலாலேயே தமிழ் வாழும்.