லினக்ஸ் மேசைத்தளங்களின் போட்டி: தமிழ்ப் பயனாளர்களுக்குக் கிடைத்தது என்ன?

மைசூரு: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கோரும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. நன்றாக இயங்கும் கணினியைக் கழித்துக்கட்டுவதா, லினக்ஸுக்கு மாறுவதா என்ற கேள்வி வீடுகளிலும் பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் எழுந்துள்ளது. மாற முடிவெடுத்தவர்களை அடுத்த கேள்வி எதிர்கொள்கிறது: நோம் மேசைத்தளமா, கேடிஇ மேசைத்தளமா?

இந்தப் போட்டியின் வரலாறு மொழித் தொழில்நுட்பத்தோடும் பிணைந்தது. மைசூருவின் மானசகங்கோத்ரியில் அமைந்துள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 ஜூலை 17-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் இயங்குதளம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். 1990-களில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளின் சொற்றொகுதிகளைக் கணினியில் தொகுக்கும் பணி மைசூருவில் நடைபெற்றது. தொகுத்த எழுத்துகள் எந்தக் கணினித் திரையிலும் சரியாகத் தோன்ற வேண்டும் என்ற தேவைக்குப் பிற்காலத்தில் கிடைத்த விடைகளுள் முக்கியமான ஒன்று, போட்டியிட்ட இரு மேசைத்தளங்களின் நிரல்களிலிருந்து உருவானது.

முதல் போட்டி

1990-களின் தொடக்கத்தில், இலவசமாகக் கிடைக்கும் யுனிக்ஸ் போன்ற இயங்குதளமாக முன்னணியில் வர வேண்டியது கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி வழிவந்த தளமே. ஆனால் யுனிக்ஸ் உரிமையைக் கையில் வைத்திருந்த நிறுவனம் 1992-இல் வழக்குத் தொடர்ந்தது. 1994-இல் சமரசம் ஏற்படும் வரை பிஎஸ்டியின் எதிர்காலம் குறித்து ஐயம் நீடித்தது. அந்த இடைவெளியில், ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் வேகமாகப் பரவியது. பிஎஸ்டி அப்போதே எளிதில் கிடைத்திருந்தால் லினக்ஸை எழுதியிருக்க மாட்டேன் என்று டோர்வால்ட்ஸே பின்னர் கூறியுள்ளார். பிஎஸ்டி மறைந்துவிடவில்லை. ஃப்ரீபிஎஸ்டி இன்றும் வளர்ச்சி பெற்று வருகிறது. ஆப்பிளின் மேக் இயங்குதளத்திலும் பிஎஸ்டி நிரல்கள் இடம்பெற்றுள்ளன.

உரிமத்தால் பிறந்த பிளவு

இரண்டாவது போட்டி, பயனாளர் கண்ணில் படும் மேசைத்தளத்தைப் பற்றியது. சாளரங்கள், பட்டியல்கள், கோப்புறைகள் ஆகியவற்றை ஒரே தோற்றத்தில் வழங்கும் மென்பொருள் தொகுப்பே மேசைத்தளம். ஜெர்மனி மாணவர் மத்தியாஸ் எட்ரிச் 1996 அக்டோபர் 14-இல் கேடிஇ திட்டத்தை அறிவித்தார். அது நார்வே நிறுவனம் ஒன்றின் க்யூட் என்ற கருவித்தொகுப்பைச் சார்ந்திருந்தது. அன்று அத்தொகுப்பின் உரிமம், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வரையறைக்குள் வரவில்லை.

இதை ஏற்காத மெக்சிகோவைச் சேர்ந்த மிகுவேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மெனாவும் 1997 ஆகஸ்டில் நோம் திட்டத்தைத் தொடங்கினர். ஜிடிகே என்ற கட்டற்ற கருவித்தொகுப்பு அதற்கு அடித்தளமாயிற்று. 2000-ஆம் ஆண்டில் க்யூட் பொது உரிமத்தின் கீழ் வெளியானது. பிளவின் காரணம் நீங்கினாலும், இரு முகாம்களும் அதற்குள் தனித்தனியே வளர்ந்துவிட்டிருந்தன.

தமிழுக்கு நேர்ந்த இரட்டைச் சுமை

ஒவ்வொரு பட்டியலையும் ஒவ்வொரு எச்சரிக்கைச் செய்தியையும் தமிழ்த் தன்னார்வலர்கள் இரண்டு மேசைத்தளங்களுக்கும் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அதைவிடக் கடினமானது எழுத்துருவாக்கம். 'கொ' என்ற எழுத்தைக் கணினி சேமிக்கும்போது முதலில் ககரமும் அடுத்து உயிர்க்குறியும் வரும். திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் அமைய வேண்டும். இந்த வரிசை மாற்றத்தைச் செய்யும் நிரல் பிழைபட்டால் எழுத்து சிதையும். நோம் இதற்கு பாங்கோ என்ற நிரலகத்தைப் பயன்படுத்தியது. கேடிஇ க்யூட்டின் சொந்த நிரலைப் பயன்படுத்தியது. ஒன்றில் திருத்திய பிழை மற்றொன்றில் தொடர வாய்ப்பிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே ஃப்ரீடைப் திட்டத்தின் பழைய நிரலிலிருந்தே பகுதிகளை எடுத்து, தத்தம் வழியில் மாற்றியிருந்தன. 2006-ஆம் ஆண்டு வாக்கில் இரு தரப்பினரும் இவற்றை ஒருங்கிணைக்க முன்வந்தனர். போட்டி மேசைத்தளங்களுக்குப் பொதுவான தரங்களை வகுக்க 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு அதற்குக் களமானது. விளைந்தது ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம். பின்னர் முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட ஹார்ஃப்பஸ், இன்று ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் ஆகியவற்றில் இயங்குகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் இச்செய்தியை வாசிப்பவருக்குத் தமிழ் எழுத்துகளை அடுக்கித் தருவதும் அதுவே.

இந்திய அனுபவம்

சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டு வழங்கப்பட்டது. கேரள அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே கணினிக் கல்வியின் அடிப்படையாக உள்ளது. அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது.

இவ்விரு மாநில அனுபவங்களும் ஒரு பாடத்தைச் சொல்கின்றன. இயங்குதளத்தை வழங்குவது முதற்படி மட்டுமே. தமிழகத்தில் விண்டோஸும் அருகிலேயே இருந்தது. எதைத் திறப்பது என்பது மாணவரின் விருப்பம். கேரளத்தில் பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் தேர்வும் லினக்ஸைச் சுற்றியே அமைந்தன.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நோம், குறைந்த அமைப்புகளும் எளிய தோற்றமும் கொண்டது. உபுண்டுவின் இயல்பு மேசைத்தளம் இதுவே. கேடிஇயின் பிளாஸ்மா, விண்டோஸை ஒத்த கீழ்ப்பட்டையும் விருப்பம்போல் மாற்றும் வசதியும் உடையது. நினைவகம் 4 ஜிபி அல்லது அதற்குக் குறைவாக உள்ள பழைய கணினிகளுக்கு எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூட் போன்ற இலகுவான மேசைத்தளங்கள் பொருந்தும். தமிழ்99 விசைப்பலகையை இவை அனைத்திலும் அமைத்துக்கொள்ளலாம். வன்தட்டில் நிறுவாமல் யுஎஸ்பி நினைவகத்திலிருந்தே இயக்கிப் பார்க்கும் வசதி பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் உண்டு. அச்சுப்பொறி, வைஃபை, தமிழ்த் தட்டச்சு ஆகிய மூன்றையும் அவ்வாறு சோதித்த பின்னர் முடிவெடுப்பது நல்லது. கோப்புகளை முன்னதாக வேறொரு வட்டில் நகலெடுத்து வைப்பது கட்டாயம்.

ஒரு மேசைத்தளத்தில் எழுதிய ஆவணம் மற்றொன்றிலும் அதே தமிழ் எழுத்துகளுடன் திறக்கிறது. எனவே இன்று நோமைத் தேர்ந்தெடுப்பவர் நாளை கேடிஇக்கு மாறினாலும் அவர் எழுதிவைத்த எதுவும் வீணாகாது.