பால் சுரக்கத் தகவல் சொல்வது யார்?

"பாப்பா அழற சத்தம் கேட்டாலே ரவிக்கை நனைஞ்சுடுதே, ஏன்க்கா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெண். தலைப்பிள்ளைக்காரி.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. குழந்தை சப்பியதும் நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் போகிறது. உடனே அந்தச் சுரப்பி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் கலக்கிறது. புரோலாக்டின் பாலை ஊற வைக்கும்; ஆக்ஸிடாசின் ஊறிய பாலைப் பிழிந்து வெளியே அனுப்பும். இந்த இரண்டாவது ரொம்பப் பொல்லாதது! அழுகுரல் கேட்டாலே, ஏன், குழந்தையை நினைத்தாலே கூடக் கிளம்பிவிடும். கர்ப்பப்பையையும் சுருக்கும். பிரசவமான புதிதில் பாலூட்டும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பது அதனால்தான். ஆஸ்பத்திரியில் வலி வருவதற்காக டிரிப்ஸில் ஏற்றுவதும் இதையேதான்.

வலியும் கவலையும் இருந்தால் ஆக்ஸிடாசின் தயங்கும். ஊறிய பால் உள்ளேயே நின்றுவிடும். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "பால் பத்தலை போலிருக்கே" என்று சொல்லிச் சொல்லியே தாயைக் கலங்கடிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பயந்துபோய்ப் புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை தாயிடம் சப்புவது குறையும். பால் ஊறுவதும் குறையும். புரோலாக்டின் இரவில்தான் அதிகம் சுரக்கிறது. ஆகவே ராத்திரிப் பாலை நிறுத்தாதீர்கள். பிறந்து ஒரு வாரமான குழந்தை நாளுக்கு 6 தடவையாவது மூத்திரம் போய், எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். எடை ஏறாவிட்டாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.