தனிமை இல்லாத இரண்டு வருடம்

வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் – 11

சென்ற வாரம் தாய்லாந்தைப் பார்த்தோம். அங்கே இளைஞர்கள் ஒரு மழைக்காலம் மட்டும் காவி உடுத்தித் துறவியாக இருந்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். பெரும்பாலும் சொந்த ஊர் விகாரையிலேயே அந்தக் காலம் கழிந்துவிடும். இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் தங்கள் மதத்தைப் பரப்புவதற்காகக் கடல் கடந்து போகிறவர்கள். பேசத் தெரியாத மொழி, பார்த்திராத ஊர், சம்பளம் கிடையாது, செலவும் தங்களுடையது. ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம், பெண் பிள்ளைகளுக்கு ஒன்றரை வருடம். எந்த நாட்டுக்குப் போவது என்பதை அவர்கள் முடிவு செய்ய முடியாது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் தலைமைதான் முடிவு செய்யும்.

உலகம் இவர்களை மார்மன்கள் என்றே அழைத்துப் பழகிவிட்டது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர். மார்மன் என்று சொல்லாமல் முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018ல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். அதை மதித்து இந்தக் கட்டுரையில் 'சபை' என்றே எழுதுகிறேன். 1830ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. 2024 முடிவில் அதற்கு 74 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முழுநேர ஊழியர்கள் (மிஷனரிகள்) இருந்தார்கள்; அவர்கள் செய்யும் பணிக்கு மிஷன் என்று பெயர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப்படிப்பை முடித்த கையோடு கிளம்பியவர்கள். 2012ல் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயது 19லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21லிருந்து 19 ஆகவும் குறைக்கப்பட்டது. அதற்குப் பிறகு இளம்பெண்கள் பெரும் எண்ணிக்கையில் புறப்பட்டார்கள்.

முன்பெல்லாம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அழைப்பு ஒரு பெரிய வெள்ளை உறையில் தபாலில் வரும். உற்றார் உறவினர் எல்லோரும் கூடியிருக்க, நடு வீட்டில் நின்று பிள்ளை அதைப் பிரித்து வாசிப்பான். இப்போது அழைப்பு இணையத்தில் வருகிறது. வீட்டார் கூடுவது மட்டும் மாறவில்லை. அதன் பிறகு பயிற்சி. யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ என்ற ஊரில் இருக்கும் பயிற்சி மையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் கற்றுத் தருகிறார்கள். ஜப்பானிய மொழி போன்ற கடினமான மொழிகளுக்குச் சுமார் ஒன்பது வாரம் ஒதுக்குகிறார்கள். ஒன்பது வாரத்தில் ஜப்பானிய மொழி யாருக்கு வரும்? வணக்கம் சொல்லவும், ஜெபம் செய்யவும், பாடத்தின் முதல் சில வாக்கியங்களைச் சொல்லவும் வரும். மற்றதைத் தெருவில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜப்பானை வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பிள்ளைகளின் உழைப்புக்கு மிகக் குறைந்த பலன் கிடைக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. பலன் நிறையக் கிடைக்கும் இடத்தில் உற்சாகமாக இருப்பது எளிது. கிடைக்காத இடத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தினமும் காலையில் எப்படி எழுந்து புறப்படுகிறான் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அலாரம் காலை ஆறரைக்கு அடிக்கிறது. அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளியல், காலை உணவு. பிறகு வேதப் படிப்பு: முதலில் தனியாக, அடுத்து ஜோடியாக, அதோடு மொழிப்பாடமும். காலை பத்து மணி சுமாருக்கு வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டையோடு வெளியே. பெயர் அட்டையில் முதல் பெயர் இருக்காது. ஆண் என்றால் எல்டர், பெண் என்றால் சிஸ்டர், அதோடு குடும்பப் பெயர். இரண்டு வருடமும் அதுதான் பெயர். இரவு ஒன்பது ஒன்பதரைக்கு வீடு திரும்பி, மறுநாளைத் திட்டமிட்டுவிட்டு, பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். 2017ல் இந்த அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தி, ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனாலும் அடிப்படை அதேதான். சினிமா கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, கதைப் புத்தகம் கிடையாது, காதல் கிடையாது. ஆற்றிலோ குளத்திலோ இறங்கி நீந்தக்கூடக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது இன்னொரு விதி என்று நினைக்கிறேன். ஊழியர் ஒருபோதும் தனியாக இருக்கக் கூடாது. 'கம்பானியன்' என்று ஒருவரை மேலிடம் ஜோடி சேர்க்கும். குளியலறை நேரமும் மிஷன் தலைவரோடு தனியாகப் பேசும் நேரமும் தவிர, அவர் பார்வைக்கும் குரலுக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். உறங்குவதும் ஒரே அறையில். கம்பானியனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. ஐடஹோ விவசாயி வீட்டுப் பையனோடு ஒசாகா கல்லூரி மாணவனையோ மணிலா பையனையோ சேர்த்துவிடுவார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை 'டிரான்ஸ்பர்' வரும். அன்று யார் எங்கே போகிறார், யாரோடு சேர்கிறார் என்று அறிவிப்பார்கள். ஒத்துப்போகும் ஜோடியைப் பிரித்துவிடலாம்; ஒத்துப்போகாத ஜோடியை இன்னும் ஆறு வாரம் நீட்டிக்கலாம்.

ஒருவர் குறட்டை விடுவார். ஒருவர் எதற்கெடுத்தாலும் விதிப்புத்தகத்தைக் காட்டுவார். ஒருவருக்கு வீட்டு நினைப்பில் சோறு இறங்காது. கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு போக இடமில்லை. அழுகை வந்தால் ஒளிந்து அழவும் இடமில்லை. அதே ஆளோடு அடுத்த தெருவுக்குச் சைக்கிள் மிதித்துப் போய், அன்பைப் பற்றி அந்நியர் ஒருவரிடம் பேச வேண்டும். திருமணத்துக்குத் தேவையான பொறுமையை மிஷனில்தான் கற்றேன் என்று திரும்பி வந்தவர்கள் பலர் சொல்வதுண்டு. நம்பத் தோன்றுகிறது. ஆனால் தனிமை என்பது இளம் வயதில் ஆடம்பரமல்ல, அதுவும் ஒரு தேவை. இரண்டு வருடம் ஒரு மணி நேரம்கூடத் தனக்கென்று இல்லாமல் இருப்பது சில மனங்களை உடைத்துவிடும். விதியை எழுதியவர்கள் பிள்ளைகளின் பாதுகாப்பை நினைத்து எழுதினார்கள் என்பதை ஏற்கிறேன். அதற்கு இந்தப் பிள்ளைகள் கொடுக்கும் விலையையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜப்பானில் ஊழியரின் வாகனம் சைக்கிள். அந்த நாட்டில் பெரியவர்கள் ஹெல்மெட் போட்டுச் சைக்கிள் ஓட்டுவது அண்மைக்காலம்வரை அபூர்வம். 2023 ஏப்ரலில்தான் எல்லா வயதினரும் ஹெல்மெட் அணிய முயல வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்குப் பல காலம் முன்பே, டை கட்டிக்கொண்டு ஹெல்மெட்டோடு வரும் இரண்டு பேர் என்றால் யார் என்று ஊருக்குத் தெரியும். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டும். வடக்கே சப்போரோவில் பனிக்காலம் வந்தால் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு நடக்க வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் அழைப்புமணியோடு கேமரா இருக்கும். உள்ளே இருப்பவர் திரையில் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று மிக மரியாதையாகச் சொல்வார். பல சமயம் பதிலே வராது. திட்டுவதோ விரட்டுவதோ குறைவு. ஆனால் ஒரு மாலை முழுக்கக் கதவுகளின் முன் நின்றும் ஒரு மனித முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்ப நேரும். அதனால் ரயில் நிலைய வாசலில் நின்று பேசிப் பார்க்கிறார்கள். வாரம் ஒருமுறை சபைக் கட்டடத்தில் இலவச ஆங்கில வகுப்பு நடத்துகிறார்கள். அதற்கு ஆள் வருகிறது. ஆங்கிலம் கற்றுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சரி, ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் எதையெல்லாம் விட வேண்டும் என்று பாருங்கள். சபையின் உணவு விதி 1833லிருந்து வருவது: மது, புகையிலை, காபி, டீ நான்கும் கூடாது. ஜப்பானில் டீ என்றால் பச்சைத் தேநீர். வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுப்பதும் அலுவலகக் கூட்டத்தில் வைப்பதும் அதுதான். வேலை முடிந்து மேலதிகாரியோடும் சகாக்களோடும் குடிக்கப் போவது அங்கே வேலையின் ஒரு பகுதி மாதிரி. ஞாயிற்றுக்கிழமையைச் சபைக்குக் கொடுக்க வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகத் தர வேண்டும். வீட்டில் முன்னோருக்கான பௌத்த பீடம் இருக்கும். அதன் முன் கும்பிடுவதை என்ன செய்வது என்ற கேள்வி எழும். இதையெல்லாம் யோசித்துவிட்டு ஒரு ஜப்பானியர் வேண்டாம் என்றால் அதில் என்ன தவறு இருக்கிறது? ஊழியருக்கும் அது தெரியும். தெரிந்தும் அடுத்த மணியை அழுத்துகிறார்.

இந்த வரலாறு தொடங்கியதே இப்படித்தான். 1901 ஆகஸ்டில் ஹீபர் கிராண்ட் தலைமையில் நான்கு பேர் யோகஹாமாவில் இறங்கினார்கள். கிராண்ட் இரண்டே வருடத்தில் ஊர் திரும்பினார். பின்னாளில் சபைக்கே தலைவரானார். கூட வந்த அல்மா டெய்லருக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர் எட்டு வருடங்களுக்கு மேல் ஜப்பானிலேயே தங்கிவிட்டார். மொழியைக் கற்று, சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்து, ஜப்பானிய எழுத்தாளர்களிடம் காட்டித் திருத்தி, 1909ல் அச்சேற்றினார். மறுவருடம் வீடு திரும்பினார். 1924ல் மிஷனையே மூடிவிட்டார்கள். அந்த 23 வருடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. உலகப் போருக்குப் பிறகு 1948ல் மறுபடி தொடங்கினார்கள். இன்று ஜப்பானில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் உறுப்பினர்கள் என்கிறது சபை. பதிவேட்டில் பெயர் உள்ளவர்களில் பெரும்பகுதியினர் ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை.

அதற்கு ஒரு காரணத்தை இங்கே சொல்ல வேண்டும். 1980ஐ ஒட்டிய வருடங்களில் டோக்கியோவில் அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்த ஒரு காலம் இருந்தது. எண்ணிக்கை ஏறியது. சேர்ந்தவர்களில் மிகப் பலர் அதே வேகத்தில் காணாமல் போனார்கள். சபையைச் சேர்ந்த ஜப்பானியர்களே இதை வேதனையோடு எழுதியிருக்கிறார்கள். ஊழியர்கள் வாராவாரம் எத்தனை பாடம் நடத்தினோம், எத்தனை பேரைச் சந்தித்தோம் என்று கணக்கு கொடுக்க வேண்டும். கணக்கு கேட்கும் இடத்தில் நெருக்கடியும் வந்துவிடும். பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் ஆத்மாக்களுக்கு எண்ணிக்கை கேட்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அமெரிக்கப் பிள்ளைகளின் தியாகத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது ஜப்பானியப் பிள்ளைகளை. சபையார் நிறைந்த யூட்டாவில் மிஷன் போய் வந்தவர் என்றால் மரியாதை. மொழி தெரிந்தவர் என்று வேலையும் கிடைக்கும். எழுபதுகளில் ஊழியராக ஜப்பான் வந்த கென்ட் கில்பர்ட் பின்னாளில் அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் பெரிய நட்சத்திரமே ஆனார். ஜப்பானிய இளைஞருக்கு நிலைமை வேறு. அங்கே பெரிய நிறுவனங்கள் கல்லூரி முடிக்கும் மாணவர்களை மொத்தமாக ஏப்ரலில் வேலைக்குச் சேர்க்கின்றன. அந்த வரிசையிலிருந்து இரண்டு வருடம் விலகி நிற்பது பெரிய துணிச்சல். விலகி நின்று எதைப் பெற்றாய் என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்லவும் முடியாது.

வாரத்தில் ஒரு நாள், பல இடங்களில் திங்கட்கிழமை, 'பி-டே'. துணி துவைப்பது, முடி வெட்டுவது, காய்கறி வாங்குவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றுதான். 2019 பிப்ரவரிவரை வீட்டாரின் குரலை வருடத்துக்கு இரண்டு முறைதான் கேட்க முடிந்தது: கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும். மற்றபடி எழுத்து மூலம் மட்டும்தான். 2019ல் விதியை மாற்றி, வாரம் ஒருமுறை பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம் என்றார்கள். சபை அண்மைக்காலத்தில் எடுத்த முடிவுகளில் மிக நல்ல முடிவு இதுதான். எத்தனை தாய்மார்கள் அதற்காகக் காத்திருந்திருப்பார்கள்!

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து போகிறவர், எந்த நாட்டுக்குப் போனாலும், மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். 2020 ஜூலைக்கு முன் 400 டாலர். சிறுவயதிலிருந்தே இதற்கென்று உண்டியலில் சேர்க்கும் வீடுகள் உண்டு. முடியாதவர்களுக்குச் சபையார் உதவுகிறார்கள்.

எல்லோரும் இரண்டு வருடத்தை முடிப்பதில்லை. உடல்நலம், மனச்சோர்வு, நம்பிக்கைத் தளர்வு என்று ஏதோ ஒரு காரணத்தால் பாதியில் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். முடித்து வருகிறவருக்கு விமான நிலையத்தில் பலூன், பதாகை, அணைப்பு. பாதியில் வருகிறவரை ஊரார் என்ன சொல்லி வரவேற்பது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். அந்த மௌனமே பிள்ளையைக் கொல்லும். உள்ளூரிலேயே சேவை செய்யும் வழிகளைச் சபை இப்போது திறந்துவிட்டிருக்கிறது, நல்லது. ஆனால் நான்கு மாதம் அந்நிய நாட்டில் தாக்குப்பிடித்த பிள்ளைக்கும் அதே பலூன் கட்டும் நாள் வர வேண்டும். அது வரும்வரை இந்த ஏற்பாட்டின் கணக்கு நேராகாது.

நம் ஊருக்கும் இந்தச் சபையார் புதியவர்கள் அல்ல. 1853லேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்ற சபை ஊழியர் மெட்ராசில் வந்து இறங்கி, பிரசங்கம் செய்து, சிறு பத்திரிகை ஒன்றும் அச்சிட்டார். பெரிய பலன் இல்லாமல் மறுவருடம் திரும்பினார்.

மறுபடி ஜப்பானுக்கு வருகிறேன். டோக்கியோவின் நிஷி கசாய் பக்கம் நம் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். இந்தப் பத்திரிகையை அங்கிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர் உங்கள் மணியை அடித்தால், அவர்கள் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. கதவைத் திறந்து, முகத்தைப் பார்த்து, விருப்பமில்லை தம்பி என்று சொல்லுங்கள். வெயில் காலமாக இருந்தால் குளிர்ந்த தண்ணீரோ பார்லி வேகவைத்த நீரோ கொடுங்கள். காபியும் டீயும் வேண்டாம், அவர்களுக்கு ஆகாது.

(அடுத்த வாரம்: தென் கொரியாவின் கட்டாய ராணுவ சேவை)