மேல்மாடி எழுமுன்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது நெடுநாளைய வழக்கம் என்பதை யாவரும் அறிவர். வளவோ சிறியது, குடும்பமோ பெரியது. ஆதலின் மூத்த மகளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு அதன்மேல் ஒரு மாடி என்று வாப்பாமார் தீர்மானிக்கின்றனர். கீழுள்ள அத்திவாரமும் தூண்களும் அம்மாடியைத் தாங்குமா என்று கேட்போர் எத்தனை பேர்?

சட்டம் கேட்கிறது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமன்றி, உள்ள கட்டிடத்தை மாற்றுவதற்கும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். குடிபுகுமுன் இணக்கச் சான்றிதழும் வேண்டும். இதனை வெறும் கந்தோர் அலைச்சல் என்று எண்ணுவோர் பலர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியதுண்டு.

ஆயினும், தாளிலுள்ள முத்திரை சுமையைத் தாங்காது. கொங்கிறீட்டே தாங்க வேண்டும். அதன் வலிமையை அறியும் முறை எளியது. குழைத்த கலவையை 150 மில்லிமீற்றர் சதுர இரும்பு அச்சில் இட்டு, மறுநாள் எடுத்து, நீரில் ஊறவைத்து, 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் இயந்திரத்தில் வைத்து நசுக்குவர். 20ஆம் தரக் கொங்கிறீட்டு எனில், 28ஆம் நாளில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். அதாவது, ஒரு கையால் தூக்கக்கூடிய அக்கட்டி சுமார் 45 தொன் சுமைக்கு உடையாது நிற்க வேண்டும்!

இவ்வலிமையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரே. கலவை இலகுவாக ஓட வேண்டுமென்று மேசன் இன்னும் ஒரு வாளி ஊற்றுகிறார். மிகையான நீர் பின்னர் வற்றி, நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. நீருக்கும் சீமெந்துக்குமுள்ள விகிதமே வலிமையை நிர்ணயிக்கும் என்பதைச் சிக்காகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பார் 1918இலேயே எடுத்துக்காட்டினார். 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பைத் தூக்கியதும் அது எவ்வளவு சரிகிறதென அளந்தால், குழைத்த இடத்திலேயே குற்றம் தெரிந்துவிடும்.

நம் கரைக்கு மற்றொரு பகை உப்பு. கழுவாத கடல்மணல் கம்பியைத் துருவேற்றும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கொங்கிறீட்டு வெடிக்கும்.

2004 டிசம்பர் 26இல் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அதன்பின் எழுந்த வீடுகள் பலவற்றின்மேல் இன்று மாடி கட்ட நினைப்பவர், முதலில் ஒரு பொறியியலாளரை அழைத்து, அத்திவாரத்தின் அருகே ஒரு குழி தோண்டிக் காட்டட்டும். துள்ளுசுத்தியலால் தூணைத் தட்டிப் பார்க்கவும், ஐயமுண்டாயின் உருளைத்துண்டு வெட்டியெடுத்து நசுக்கிப் பார்க்கவும் அவருக்கு வழியுண்டு. மாடிக்குரிய கம்பியும் கல்லும் வாங்குவது அதற்குப் பின்னர்.